இருதயத்தின் யாப்பறிந்த ஒல்லாந்தர்

வேலணை அமைந்திருக்கும் எங்கள் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன். 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், கடல் கடந்து வந்த இடத்திலும் தம் ஊரை மறக்கமாட்டாதவர்களாய், நம் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று; நயினாதீவு ஹார்லம் என்றும், அனலைதீவு ரொட்டர்டாம் என்றும், நெடுந்தீவு டெல்வ்ற் என்றும் வழங்கின. இவற்றுள் நெடுந்தீவின் பெயரொன்றே இன்றும் நாவில் நிற்கின்றது. மற்றவை பழைய தேசப்படங்களோடு போயின. லைடன் என்ற பெயரை மட்டும் இடையிடையே எவரேனும் எழுதக் காணலாம்.

பெயர் சூட்டியவர்கள் கறுவாவுக்கும் யானைக்கும் முத்துக்கும் வந்தவர்கள். அவர்களிடத்து நமக்குப் பெரிய நன்றிக்கடன் ஒன்றுமில்லை. ஆயினும் அந்நாட்டிற் பிற்காலத்திலே தோன்றிய மருத்துவர் ஒருவருக்கு, நெஞ்சு துடிக்கும் மனிதர் யாவரும் கடமைப்பட்டிருக்கின்றனர். கரெல் பிரெடெரிக் வெங்கெபாக் என்பது அவர் பெயர். இருதயம் தாளம் தப்பி அடிக்கும் நோயை இனம் இனமாகப் பிரித்துக் காட்டியவர் அவர். அந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் வழியைத் திறந்தவரும் அவரே. இன்றும் உலகின் எந்த மருத்துவமனையிலும் இருதயப் படம் பார்க்கும் மருத்துவர், மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் செய்தி சிறிது சிறிதாகத் தாமதித்து ஒருமுறை தவறக் கண்டால், அவர் பெயரைச் சொல்லியே அதனைக் குறிப்பர்.

அவர் 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி ஹேக் நகரிற் பிறந்தார். தந்தையார் எடுவார்ட் வெங்கெபாக், ஒல்லாந்திலே தந்தி முறையை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர். மூத்த சகோதரர் ஒருவர் ஓவியராய்ப் புகழ்பெற்றார். கம்பியிலே செய்தி போவதையும், அது இடையில் தாமதிப்பதையும், சில வேளை போய்ச் சேராதொழிவதையும் பேசிக்கொண்டிருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் இருதயத்தின் உள்ளே ஓடும் செய்தியின் தாமதத்தைக் கண்டுபிடித்தமை ஊழின் விளையாட்டுப் போலத் தோன்றுகின்றது. தந்தையார் 1874ஆம் ஆண்டு மறைந்தபோது பிள்ளைக்கு வயது பத்து.

உத்திரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அங்கே உடற்றொழிலியல் ஆசிரியராயிருந்தவர் எங்கல்மன் என்னும் ஜேர்மானியர். தவளையின் இருதயத்தை வெளியே எடுத்துவைத்து, அதன் ஒவ்வொரு துடிப்பையும் புகைபடிந்த தாளிலே கோடாக எழுதச்செய்து ஆராய்ந்தவர். அவர் இசையிலும் வல்லவர். பிராம்ஸ் என்னும் இசைப்புலவர் தம் மூன்றாவது நரம்பிசை நால்வர்க் கோவையை அவருக்கே உரிமையாக்கினார். தவளையின் இருதயத்திலே தாளத்தைத் தேட அப்படிப்பட்ட ஒருவரே தகுந்தவர். அவரிடத்தில் வெங்கெபாக் கண்ட கோடுகள் அவர் மனத்தில் அழியாது பதிந்துவிட்டன. அவை பயன்பட்ட காலம் பின்னரே வந்தது.

ஏனெனில், படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் அவர் ஆய்வுகூடத்தை விட்டு நாட்டுப்புறம் போனார். 1891ஆம் ஆண்டு ஒல்லாந்தின் தென்கோடியிலுள்ள ஹேர்லன் என்னும் சிற்றூரிலே வைத்தியராய் அமர்ந்தார். பிரசவமும் காய்ச்சலும் காலொடிவும் கண்ணோவும் ஒருவரே பார்க்கவேண்டிய தொழில் அது. பண்ணைப் பாலம் வருமுன் தோணியிலேறியும், மணலில் நடந்தும், மாட்டுவண்டியில் இருந்தும் நம் தீவுகளிற் பிணியாளரைத் தேடிப்போன வைத்தியர்களை அறிந்தவர்க்கு அத்தொழிலின் அருமை விளங்கும். இக்காலத்தை அவர் வரலாற்றை எழுதுவோர் இரண்டு வரியிற் கடந்து செல்வர். அது நியாயமன்று என்பது என் எண்ணம். நோயாளியின் சொல்லைப் பொறுமையாகக் கேட்கும் வழக்கம் கருவிகளிடையே வருவதன்று. அது படுக்கையருகே வருவது. அவருடைய பெருங் கண்டுபிடிப்புக்களுள் ஒன்று முழுக்க முழுக்க அவ்வழக்கத்தின் பயனே.

1896ஆம் ஆண்டு உத்திரெக்ட் நகருக்கு மீண்டார். முதியோர் இல்லமொன்றில் வைத்தியம் பார்க்கும் பணியும் கிடைத்தது. முதியோரின் நாடி ஒழுங்காக நிற்பது அரிது. ஆராய்வதற்கு அதனிலும் நல்ல இடம் எங்கே உண்டு?

நாடி பார்த்தல் நமக்குப் புதியதன்று. நம் சித்தமருத்துவ நூலோர் மூன்று விரல் வைத்து, வாதநாடியை அன்னத்தினதும் மயிலினதும் நடைக்கும், பித்தநாடியை ஆமையின் நடைக்கும், ஐயநாடியைப் பாம்பின் ஊர்வுக்கும் தவளையின் பாய்ச்சலுக்கும் ஒப்பிட்டுப் பல வகை கண்டனர். மேல்நாட்டிலோ, வெங்கெபாக் காலம் வரை, ஒழுங்கு தப்பிய நாடியெல்லாம் பெரும்பாலும் ஒரே குவியலாய்க் கிடந்தது. இருதயம் கெட்டது என்பதற்கு அது அடையாளம் என்று கொண்டு, மருத்துவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவர். நெடுங்காலம் வாழக்கூடிய ஒருவரும், சில நாளில் இறக்கப்போகும் ஒருவரும் ஒரே தீர்ப்பைப் பெற்றனர்.

1899ஆம் ஆண்டிலே நாற்பது வயதுடைய ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். அவர் நாடி சில துடிப்புக்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டு அடித்தது. அக்காலத்தில் இருதயப் படம் எடுக்கும் பொறி இல்லை. மணிக்கட்டில் வைத்தால் நாடியின் ஏற்ற இறக்கத்தைத் தாளிலே கோடாக வரையும் சிறு கருவி ஒன்றே இருந்தது. வெங்கெபாக் அக்கோடுகளை அளந்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட காலத்தை நுணுகிக் கணித்தார். நாடி விட்ட இடத்திலிருந்த இடைவெளி, இரண்டு துடிப்புக்குரிய காலத்தினும் சற்றே குறைவாயிருந்தது. சாதாரணமாக ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டால், அதன்பின் வரும் ஓய்வு கணக்கைச் சரிக்கட்டிவிடும். இங்கே கணக்குச் சரிவரவில்லை. அந்தச் சிறு குறைவிலேதான் உண்மை ஒளிந்திருந்தது.

யாப்பிலக்கணம் கற்ற நமக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒருவன் ஓரடியைப் படிக்கின்றான். முதற் சீரிலுள்ள ஓசையைக் குறிலாக ஒலிக்கின்றான். இரண்டாஞ் சீரில் நெடிலாக நீட்டுகின்றான். மூன்றாஞ் சீரில் அளபெடையாக இழுக்கின்றான். நாலாஞ் சீருக்கு மூச்சு இல்லாமல் அதனை விட்டேவிடுகின்றான். அந்த இடைவெளியில் இளைப்பாறிக்கொண்டு, மறுபடியும் குறிலில் தொடங்குகின்றான். இருதயத்தின் மேலறையிலே பிறக்கும் செய்தி கீழறைக்கு இறங்கும் வழி களைத்துப்போனால், இவ்வாறே ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக நீண்டு, ஈற்றில் ஒரு செய்தி இறங்காது நின்றுவிடும். வழி இளைப்பாறும், பழையபடி தொடங்கும். எங்கல்மன் காட்டிய தவளையின் இருதயம் செய்ததும் இதுவே. மணிக்கட்டிலிருந்த ஒரு கோட்டை மட்டும் பார்த்து, நெஞ்சினுள்ளே மறைந்து நிகழும் ஒன்றை அவர் உய்த்துணர்ந்தார். மேல்நாட்டார் நாடியின் தளை தட்டுதலைக் கேட்டனர். அவர் எத்தளை, எங்கே, ஏன் தட்டிற்று என்று சொன்னார்.

செய்தி இறங்கும் வாயிலாகிய கணுவை யப்பானியரான தவாரா 1906ஆம் ஆண்டிலும், செய்தி பிறக்கும் கணுவை பிரித்தானியரான கீத், பிளாக் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டிலுமே கண்டனர் என்பதை நினைக்கும்போது வியப்பு மிகுகின்றது. வாயில் எங்கே உண்டு என்று யாரும் அறியுமுன்னே, அதன் கதவு எப்படித் திறந்து மூடுகின்றது என்பதை அவர் எழுதிவிட்டார்.

1901ஆம் ஆண்டு குரோனிங்கன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1903ஆம் ஆண்டு ஒழுங்கற்ற இருதயத்துடிப்பைப் பற்றிய அவருடைய முதல் நூல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. மறு ஆண்டே ஆங்கிலமாயிற்று. இங்கிலாந்திலே பேர்ன்லி என்னும் ஆலைநகரத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே அதே பொருளை ஆராய்ந்த ஜேம்ஸ் மக்கென்சி அவருக்கு நண்பரானார். ஒருவர் நாட்டுப்புற வைத்தியர், மற்றவர் நகர்ப்புற வைத்தியர். இருவரும் நோயாளியின் கையைப் பிடித்தபடி அறிவியல் செய்தவர்கள்.

இவ்விடத்திலே லைடன் மீண்டும் குறுக்கிடுகின்றது. எங்கள் லைடன் அன்று, அவர்கள் லைடன். அந்நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரான வில்லெம் அயின்தோவன், சாவகத்தீவின் செமராங் நகரிற் பிறந்தவர். மெல்லிய இழையொன்றைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இருதயத்தில் எழும் மின்னோட்டத்தைப் படமாக எழுதும் பொறியை 1901ஆம் ஆண்டளவில் அமைத்தார். அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்குவதற்கு ஐவர் வேண்டும். 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. அப்பொறியின் படங்கள், வெங்கெபாக் வெறுங் கோட்டிலிருந்து உய்த்துணர்ந்தவற்றை ஐயமற உறுதிப்படுத்தின.

அப்பொறியே இன்னொரு புதிரையும் விடுவித்தது. முதியோரிடத்துக் காணப்படும் ஒருவகை நாடியில் எவ்வித ஒழுங்கும் இராது. இரண்டு துடிப்பு ஒன்றுபோல் வாரா. யாப்பு என்பதே இல்லாத வெற்றோசை அது. 1909ஆம் ஆண்டில் இலண்டனில் லூயிஸ் என்பவரும், வியன்னாவில் ரொத்பேர்கர், விந்தர்பேர்க் என்னும் இருவரும் அதன் காரணத்தைக் கண்டனர். இருதயத்தின் மேலறைகள் அடிப்பதை விட்டு, நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது முதல் அறுநூறு வரை நடுங்குகின்றன. கீழறைகள் அந்நடுக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு தாறுமாறாக ஓடுகின்றன. மேலறை நடுக்கம் என்று இதனைச் சொல்லலாம். உலகில் மிகுதியாகக் காணப்படும் நீடித்த தாளக்கேடு இதுவே.

நோயின் பெயர் தெரிந்தது; மருந்து யாது?

இருந்த மருந்து ஒன்றே. டிஜிற்றாலிஸ் என்னும் மேல்நாட்டுச் செடியின் இலை. 1775ஆம் ஆண்டிலே சுரொப்சயர் என்னும் பகுதியைச் சேர்ந்த ஒரு கிழவியின் குடும்ப மருந்தைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் கேள்வியுற்றார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த அக்கலவையிலே வேலை செய்வது இச்செடி ஒன்றே என்று கண்டு, பத்து ஆண்டு ஆராய்ந்து, 1785ஆம் ஆண்டு நூல் எழுதினார். அம்மருந்து மேலறையின் நடுக்கத்தை நிறுத்தாது. வாயிலைச் சற்றே ஒடுக்கி, கீழறைக்கு இறங்கும் செய்திகளைக் குறைக்கும். தாளம் தாறுமாறாகவே இருக்கும். ஓட்டம் மட்டும் தணியும். ஓட்டம் தணிந்தால் இருதயம் நிரம்புவதற்கு அவகாசம் பெறும், மூச்சுத் திணறல் குறையும், கால்வீக்கம் வடியும். அளவு சிறிது மிஞ்சினாலோ அதுவே நஞ்சு. நம் வேலியோரங்களில் மஞ்சட் பூப் பூத்து நிற்கும் அலரியின் நஞ்சும் இக்குலத்தைச் சேர்ந்ததே. அதனால் நம் வடபுலத்து மருத்துவர்கள், வெங்கெபாக் தாளில் வரைந்த தடைகளைக் கண்முன்னே காணும் துன்பத்துக்கு ஆளாகியிருக்கின்றனர்.

1911ஆம் ஆண்டு வெங்கெபாக் ஸ்திராஸ்பூர்க் நகருக்குப் பேராசிரியராய்ச் சென்றார். அந்நகரம் அன்று ஜேர்மன் ஆட்சியில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1912இல், அவரிடம் ஓர் ஒல்லாந்த வணிகர் வந்தார். மேலறை நடுக்கம் அவருக்கு இடையிடையே வந்து போகும். பெருந்துன்பம் ஒன்றுமில்லை. ஆயினும் வணிகர் அல்லரோ! கணக்கேட்டிலும் பண்டசாலையிலும் ஒழுங்கு காண்பவர், தம் நெஞ்சின் ஒழுங்கீனத்தைப் பொறுக்கமாட்டாதவராயிருந்தார். அதனைத் திருத்தத் தெரியாவிடில் இருதய மருத்துவர் என்று ஒருவர் எதற்கு என்பது அவர் வினாவின் சாரம்.

பேராசிரியர் தம்மால் ஒன்றும் உறுதி சொல்ல இயலாது என்பதை ஒளிக்காமல் தெரிவித்தார். அப்போது அவ்வணிகர், தமக்கே ஒரு வழி தெரியும் என்று வெளியிட்டார். பேராசிரியர் நம்பவில்லை. மறுநாட் காலை ஒழுங்கான நாடியோடு வருவதாகச் சொல்லிப் போனவர், அவ்வாறே வந்து கையை நீட்டினார். தொட்டுப் பார்த்தால் தாளம் சிறிதும் பிசகாத நாடி!

மருந்து வேறொன்றுமில்லை, கொயினா. மலைக்காய்ச்சல் மலிந்த நாடுகளிலே வாழ்ந்தோர், தலையிடித்தாலும் தடிமன் பிடித்தாலும் எதற்கும் கொயினாவை விழுங்கிவிடுவது வழக்கம். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைக் கொண்டுபோன மலைக்காய்ச்சலைக் கண்ட இலங்கையர்க்கு அக்கசப்பை விளக்கவேண்டியதில்லை. அவ்வணிகரும் அப்படி விழுங்கிவந்தவர். ஒருமுறை நடுக்கம் வந்திருந்த வேளையில் தற்செயலாக அதனை உட்கொள்ள, இருபது இருபத்தைந்து நிமிடங்களில் நெஞ்சு ஒழுங்குக்கு வந்தது. பின்னரும் பலமுறை பரீட்சித்து, ஒரு கிராம் அளவு தமக்குப் போதும் என்று அறிந்துவைத்திருந்தார். இதனைப் படிப்போர் தாமும் அவ்வாறு செய்து பார்க்கப் புகுதல் ஆகாது. அம்மருந்தின் மறுபக்கத்தை அடுத்துச் சொல்வேன்.

அந்தப் பட்டையின் கதையும் ஒல்லாந்தரோடு பிணைந்தது. தென்னமெரிக்காவின் சிங்கோனா மரத்தை அவர்கள் சாவகத்திலே பயிராக்கி, காலப்போக்கில் உலகத்துக் கொயினா வணிகத்தையே தம் கைக்குள் வைத்திருந்தனர். இலங்கை மலைநாட்டிலும், கோப்பிச் செடியை நோய் அழித்தபின், 1880ஆம் ஆண்டுகளில் துரைமார் சிங்கோனாவை நட்டுக் குவித்தனர். விலை வீழ்ந்ததும் பிடுங்கி எறிந்து தேயிலைக்கு மாறினர்.

வேறொரு பேராசிரியராயின் வணிகரின் செயலைத் தற்செயல் என்று சிரித்துத் தள்ளியிருப்பார். அல்லது, பெரும் மருந்து கண்டேன் என்று மறுவாரமே பறைசாற்றியிருப்பார். வெங்கெபாக் இரண்டும் செய்யவில்லை. வேறு நோயாளரிடத்தும் கொடுத்துப் பார்த்தார். சிலரிடத்தே பலித்தது, அதுவும் நடுக்கம் அண்மையிலே தொடங்கியவர்களிடத்து. பலரிடத்தே பலிக்கவில்லை. இரண்டையும் உள்ளபடி 1914ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதினார். அம்மருந்தை ஒரு வணிகரிடம் கற்றுக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை; 1923ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தம் கட்டுரையில் அக்கதை முழுவதையும் விரித்துரைத்தார். நாடிக்கோட்டை அளந்த 1899ஆம் ஆண்டு ஆய்வு அவருடைய அறிவுக்குச் சான்று. நோயாளியை ஆசிரியராக ஏற்றுக்கொண்ட 1912ஆம் ஆண்டுக் காலைப்பொழுதோ அவருடைய மனிதத் தன்மைக்குச் சான்று. இரண்டனுள் ஒன்றைத் தெரியவேண்டின், நான் பின்னதையே தெரிவேன்.

அதே 1914ஆம் ஆண்டு வியன்னாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. முதலாம் மருத்துவப் பிரிவின் தலைமை அவரதாயிற்று. போரும் உடனே மூண்டது. நூலின் மூலையிற் கிடந்த கொயினாக் குறிப்பை ஜேர்மனியில் வால்ற்றர் பிரெய் என்பவர் கண்டெடுத்தார். சிங்கோனாப் பட்டையில் கொயினா ஒன்றுமட்டுமன்றி வேறு காரங்களும் உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டு நோக்கி, கொயினாவின் உடன்பிறப்பாகிய குயினிடீன் என்பதே மேலறை நடுக்கத்தை நிறுத்துவதில் வல்லது என்று 1918ஆம் ஆண்டு அறிவித்தார். இரண்டிலும் ஒரே அணுக்கள், ஒரே தொகை. அடுக்கிய முறை மட்டும் வேறு. சொல் ஒன்றாயிருந்தும் புணர்ச்சியினாற் பொருள் வேறுபடுதல் போல, அடுக்கு வேறுபட ஆற்றலும் வேறுபட்டது.

இங்ஙனம் ஒரு நோய்க்கு இரண்டு மருந்து வந்தன. இரண்டும் இரண்டு நெறி. டிஜிற்றாலிஸ் ஓட்டத்தைத் தணிக்கும், ஒழுங்கைத் தராது. குயினிடீன் ஒழுங்கைத் தரும். அவ்வாறாயின் இரண்டாவதே சிறந்தது என்று யாரும் முடிவுகட்டுவர். 1920ஆம் ஆண்டுகளில் மருத்துவ உலகமும் அவ்வாறே ஆரவாரித்தது. ஆயின் குயினிடீன் உட்கொண்ட சிலர் திடீரென மயங்கி வீழ்ந்தனர், சிலர் எழவேயில்லை. மேலறையை அடக்கிய மருந்து, சிலரிடத்துக் கீழறையையே நடுங்கச்செய்தது. மேலறையின் நடுக்கத்தோடு பல ஆண்டு வாழலாம். கீழறை நடுங்கினால் நிமிடங்களே எஞ்சும்.

எங்கள் அயலில் ஒரு முதியவர் இருக்கின்றார். மேலறை நடுக்கம் அவருக்கு உண்டு. ஓட்டத்தைத் தணிக்க ஒரு மாத்திரையும், குருதி உறையாதிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கின்றார்கள். ஒழுங்கைத் திருத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து அனுப்பிவிட்டார்களே, இது அரைகுறை வைத்தியம் அல்லவா என்று அவர் என்னிடம் பலமுறை குறைப்பட்டதுண்டு. ஒல்லாந்த வணிகர் வினாவிய அதே வினா! நூறாண்டாக மருத்துவ உலகமும் இதனையே வினாவிக்கொண்டிருந்தது. விடை கிடைத்தது மிக அண்மையிலே.

அவ்விடைக்கு வருமுன் வெங்கெபாக்கின் எஞ்சிய வாழ்வைச் சொல்லிவிடுகின்றேன். வியன்னாவில் அவர் பதினைந்து ஆண்டு கற்பித்தார். முன்னர்க் கூறிய விந்தர்பேர்க்குடன் சேர்ந்து, தம் ஆராய்ச்சி முழுவதையும் 1927ஆம் ஆண்டு ஒரு பெருநூலாக ஆக்கினார். 1929ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். முதுமைக் காலத்தில் அவர் கருத்தை ஈர்த்தது பெரிபெரி என்னும் கீழைத்தேச நோய். சாவகத்திலிருந்த ஆல்ஸ்மீர் என்னும் ஒல்லாந்த மருத்துவரோடு கூடி, அந்நோய் இருதயத்தை வீங்கச்செய்து கொல்லும் விதத்தை ஆராய்ந்து, 1934ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். தவிடு முழுவதும் போகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியையே நம்பி வாழ்ந்தோரை வாட்டிய நோய் அது. நெல்லைப் புழுக்கிக் குத்தும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. ஆதலாற் புழுங்கலரிசி உண்போரை அது பெரும்பாலும் அணுகுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் நெல் அவித்தமை எத்துணை அறிவுடைய செயல் என்பதை ஒல்லாந்தர் நூல் கொண்டு அறியவேண்டியதில்லை, அறிந்தாலும் குற்றமில்லை.

1940ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மன் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. அவ்வாண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி வெங்கெபாக் வியன்னாவிற் காலமானார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது.

அவர் திறந்துவைத்த வினா அவருக்குப் பின்னும் அறுபது ஆண்டு நின்றது. புதிய மருந்துகள் பல வந்தன. 1970ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து வோகன் வில்லியம்ஸ் என்பவர், அவை இருதயத்தசையில் வேலை செய்யும் முறை நோக்கி அவற்றை வகுத்துக் காட்டினார். குயினிடீன் முதல் வகுப்பில் அமர்ந்தது. 1990ஆம் ஆண்டு, மேலறை நடுக்கத்துக்குக் குயினிடீன் கொடுத்துச் செய்த ஆறு பரீட்சைகளை ஒன்றுசேர்த்துக் கணித்தனர். ஓராண்டின் முடிவில், மருந்துண்டோருள் நூற்றுக்கு ஐம்பதின்மர் ஒழுங்கோடு இருந்தனர், உண்ணாதோருள் இருபத்தைவர். வெற்றிதான். ஆனால் இறந்தோர் தொகை, உண்டோருள் ஆயிரத்துக்கு 29, உண்ணாதோருள் 8.

மறு ஆண்டு வெளிவந்த செய்தி இன்னும் கொடியது. மாரடைப்புக்குப் பின் இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புக்களை அடக்குவதற்காக, அமெரிக்க நாட்டிலே 1,498 நோயாளரை இரு பாலாக்கி, ஒரு பாலாருக்குப் புதிய மருந்துகளும் மறு பாலாருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். மருந்து துடிப்புக்களை அழகாக அடக்கிற்று. இறந்தோரோ மருந்துண்டோருள் 63 பேர். வெறும் மாத்திரை உண்டோருள் 26 பேர். படத்திலே ஒழுங்கு தோன்றியது. பாடையிலே ஆள் போயிற்று. அவை நல்ல மருந்து என்று நம்பி, பரீட்சைக்கு முன்னரே எத்தனையோ பேருக்குக் கொடுத்துவந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு திடுக்கிடுகின்றது. சிலரிடத்துப் பலித்தது, பலரிடத்துப் பலிக்கவில்லை என்று இரண்டையும் எழுதிவைத்த பழைய நூலின் அருமை இங்கேதான் விளங்கும்.

தணிப்பதா, திருத்துவதா என்ற வினாவுக்கு நேரான விடை 2002ஆம் ஆண்டு கிடைத்தது. மேலறை நடுக்கமுடைய 4,060 பேரை இரு பாலாக்கினர். ஒரு பாலாருக்கு ஓட்டத்தைத் தணிக்கும் மருந்துகள். மறு பாலாருக்கு ஒழுங்கைத் திருத்தும் மருந்துகள். ஐந்தாண்டின் பின் இறந்தோர், தணித்தோருள் நூற்றுக்கு 21.3, திருத்தியோருள் 23.8. திருத்துவதால் ஆயுள் கூடவில்லை. வாதநோயும் குறையவில்லை. நடுங்கும் மேலறையிலே குருதி தேங்கி உறைந்து, அவ்வுறைவு மூளைக்கு ஏறுவதாலேயே இந்நோயில் வாதம் உண்டாகின்றது. அதனைத் தடுப்பது உறையாமைக்குக் கொடுக்கும் மருந்து. ஒழுங்கு வந்துவிட்டது என்று எண்ணி அம்மருந்தை நிறுத்தியவர்களிடத்தே வாதம் வந்தமையும் அப்பரீட்சையிற் கண்ட உண்மை. எங்கள் அயலவருக்கு அரைகுறையாகத் தோன்றிய வைத்தியத்தின் நியாயம் இதுவே. இதனை அவருக்கு நான் ஒருநாள் விரித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, உறையாமை மாத்திரையை இடையிடையே விட்டுவந்ததாக மெல்ல வெளியிட்டார். அன்றுமுதல் அவருடைய பேத்தி நாள்தோறும் எண்ணிக் கொடுத்துவருகின்றாள்.

ஆயினும் திருத்தும் நெறி தோற்றொழிந்தது என்று கொள்ளற்க. திருத்தும் மருந்துகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. 2000ஆம் ஆண்டு கனடா நாட்டில் 403 பேரிடத்துச் செய்த ஒப்பீட்டிலே, அமியோடரோன் என்பது உட்கொண்டோருள் நூற்றுக்கு 35 பேருக்கும், மற்றை இரு மருந்துகள் உட்கொண்டோருள் 63 பேருக்கும் நடுக்கம் மீண்டும் வந்தது. ஆனால் அந்த அமியோடரோன் தைரொயிட்டுச் சுரப்பியையும் நுரையீரலையும் கெடுக்கவல்லது. ஆகவே அதனைக் கொடுப்போர் கண்ணும் கருத்துமாயிருப்பர். 2020ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே 2,789 பேரிடத்துச் செய்த பரீட்சை வேறொன்றையும் காட்டிற்று. நடுக்கம் கண்டு ஓராண்டுக்குள்ளேயே திருத்தத் தொடங்கியவர்களிடத்து, வாதம், இருதயக் காரணமான சாவு முதலிய கேடுகள் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 5.0 என்பதிலிருந்து 3.9 ஆகக் குறைந்தன. அண்மையிலே தொடங்கிய நடுக்கமே மருந்துக்கு எளிதில் வசப்படும் என்று 1914ஆம் ஆண்டு நூலிற் கண்டதையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு, அம்முதியவரின் கண் எத்துணை தூரம் சென்றது என்பது புலனாகும்.

தணிக்கும் மருந்துகளுள்ளும் ஒப்பீடு நிகழ்ந்திருக்கின்றது. விதரிங் தொழில் செய்த பேர்மிங்காம் நகரத்துப் பல்கலைக்கழகத்தார், அறுபது வயதுக்கு மேற்பட்ட 160 பேரிடத்து, டிஜிற்றாலிஸ் குலத்து டிகொக்சினையும் பிசொப்புரொலோல் என்னும் புதிய மருந்தையும் எதிரெதிரே நிறுத்தினர். 2020ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில், நோயாளர் தம் உடல்நலத்தைக் குறித்துக் கொடுத்த மதிப்பீட்டிலே இரண்டுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. பக்கவிளைவுகளோ பழைய மருந்து உட்கொண்டோரிடத்துக் குறைவாயிருந்தன.